பெயர் நூறு, நெல் எத்தனை?

இரண்டு கிலோ விதைநெல்லை எடுத்துக்கொண்டு போகலாம். காசு கொடுக்க வேண்டாம். ஆனால் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்!

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கம் என்று ஒரு கிராமம். அங்கே 2006ஆம் ஆண்டில் தொடங்கிய நெல் திருவிழாவின் விதி இது. இயற்கை வேளாண்மைக்காக ஊர் ஊராகச் சுற்றிய நம்மாழ்வார் அதற்குத் தூண்டுகோலாக இருந்தார். முன்னின்று நடத்தியவர் ஜெயராமன். "நெல் ஜெயராமன்" என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மறைந்துபோகும் நிலையில் இருந்த பழைய நெல் ரகங்களை அவர் தேடித் தேடிச் சேர்த்தார். 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் காலமானார். அவர் மீட்ட ரகங்கள் 174 என்பது கணக்கு.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி, குழியடிச்சான், சீரகச் சம்பா... பெயர்களைக் கேட்டாலே சோறு மணக்கிறது.

174 பெரிய எண்தான். ஆனால் விதை ஆராய்ச்சி செய்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். பெயர் 174 இருக்கிறது, சரி. நெல் எத்தனை இருக்கிறது?

இது குதர்க்கமான கேள்வி அல்ல. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஜில்லாக்களில் இனி வரப்போகும் வெள்ளத்தையும் பூச்சியையும் தாங்கக்கூடிய நெல் கிடைக்குமா, கிடைக்காதா என்பது இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பெயரை நம்பலாமா?

பழைய காலத்தில் விதைநெல் கடையில் வாங்கும் சாமான் அல்ல. மாமன் வீட்டிலிருந்து வரும். சம்பந்தி வீட்டிலிருந்து வரும். போன ஊரில் அதற்குப் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். ஆகவே ஒரே நெல்லுக்கு மூன்று ஊரில் மூன்று பெயர் இருக்கலாம். பெயர்ப் பட்டியலில் அது மூன்றாகக் கணக்காகிவிடும்.

இதற்கு நேர்மாறாகவும் உண்டு. ஒரே பெயருக்குள் பல நெல் ஒளிந்திருக்கும். கவுனி என்ற பெயரில் கறுப்பும் உண்டு, சிவப்பும் உண்டு. சம்பா என்ற சொல்லோ பட்டத்துக்கும் பெயர், ரகத்துக்கும் பெயர்!

பழைய ரகம் ஒன்றின் வயலைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஒரு செடி இரண்டு நாள் முந்திப் பூக்கும். ஒரு செடி சற்று உயரமாக நிற்கும். எல்லாம் அண்ணன் தம்பிதான். ஆனால் இரட்டைப் பிள்ளைகள் அல்ல. சர்க்கார் விதைப்பண்ணை நெல் அப்படி இருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையில் நிற்பதுபோல் ஒரே உயரமாக, ஒரே நாளில் பூக்கும். அறுவடைக்கு அது சௌகரியம். ஆனால் ஒரு செடிக்கு வந்த நோய் எல்லாச் செடிக்கும் வரும்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்

புது ரகங்களிலும் பெயருக்குப் பஞ்சம் இல்லை. ஆடுதுறையில் 1922ஆம் ஆண்டிலிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏ.டி.டி. என்ற மூன்று எழுத்தும் ஒரு எண்ணும் சேர்ந்தால் அது ஆடுதுறை நெல். அந்த எண் 50ஐத் தாண்டிவிட்டது.

இந்தப் புது நெல்களின் வம்சாவளியைக் கொஞ்சம் பார்க்கலாம்.

1966ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற ரகத்தை வெளியிட்டது. அதுவரை இருந்த நெல் நெடுநெடுவென்று வளரும். உரம் அதிகம் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். ஐ.ஆர்.8 குட்டை. எவ்வளவு உரம் போட்டாலும் நிமிர்ந்து நிற்கும். விளைச்சலைக் கண்டு ஊரே அதிசயித்தது. வட ஆர்க்காடு ஜில்லாவில் ஓர் உழவர் தம் மகனுக்கு "ஐ.ஆர்.எட்டு" என்றே பெயர் சூட்டிவிட்டார்!

அந்த ஐ.ஆர்.8க்குத் தாய், பீட்டா என்ற இந்தோனேசிய நெல். தந்தை, தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல். குட்டைக் குணம் தந்தை கொடுத்தது.

பிறகு ஐ.ஆர்.20 வந்தது. அதற்குள்ளும் பீட்டா இருந்தது. தைவான் குட்டையும் இருந்தது. ஆனால் மற்றொரு பக்கத்துப் பெற்றோர், தமிழ்நாட்டுத் திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம்.6 என்ற நெல். தண்டு துளைக்கும் பூச்சியைச் சமாளிக்கும் சக்தி அதனிடம் இருந்தது. டி.கே.எம்.6 யார் பிள்ளை என்றால், ஜி.இ.பி.24 என்ற நெல்லின் பிள்ளை. அது 1921ஆம் ஆண்டில் கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்தது. ஜனங்கள் அதைக் கிச்சிலிச் சம்பா என்பார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து "வெளிநாட்டு விதை" வந்துவிட்டது என்று பலர் கோபித்துக்கொண்டார்களே, அதற்குள் பாட்டியாக இருந்தது கோயம்புத்தூர்ச் சம்பா!

தஞ்சைக்கு வருவோம். ஏ.டி.டி.39 என்பது ஐ.ஆர்.8க்கும் ஐ.ஆர்.20க்கும் பிறந்தது. ஏ.டி.டி.36க்கு ஒரு பக்கம் ஐ.ஆர்.20. ஏ.டி.டி.43க்கும் ஏ.டி.டி.45க்கும் ஒரு பக்கம் ஐ.ஆர்.50. அந்த ஐ.ஆர்.50ம் அதே குடும்பம்தான். எண்கள் வேறு வேறு. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை!

இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல விளைச்சல் கொடுத்த நெல்லை மறுபடி மறுபடி ஒட்டுச் சேர்ப்பது இயற்கை. வயிறு நிறைந்தது. ஆனால் சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம் கற்றது. அங்கே சோளக்கதிர் எனப்படும் மக்காச்சோள விதையில் பெரும்பகுதி ஒரே தாய்வழியிலிருந்து எடுக்கப்பட்டது. பெயர்கள் பல. தாய்வழி ஒன்று. 1970ஆம் ஆண்டில் அந்தத் தாய்வழியை மட்டும் பிடிக்கும் ஓர் இலைக் கருகல் நோய் வந்தது. ஒரே பருவத்தில் நாட்டின் விளைச்சலில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு நாசம்.

ஆறாயிரத்தில் ஒன்று

நெல்லுக்கும் அப்படி ஒரு கண்டம் வந்தது. புகையான் என்ற பூச்சியை டெல்டா உழவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்துபோகும். 1973, 1974ஆம் ஆண்டுகளில் கேரளத்துக் குட்டநாட்டை அது சூறையாடியது.

அந்தப் பூச்சி சாற்றை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. ஒரு நச்சுயிரி நோயையும் சுமந்து செல்கிறது. அந்த நோய் கண்ட பயிர் புல்லைப்போலக் குட்டையாகி, கதிர் விடாமல் நிற்கும். புது ரகங்களுக்கு அதை எதிர்க்கும் சக்தி இல்லை.

பிலிப்பைன்ஸ் நிலையத்தில் விதை வங்கியைத் திறந்தார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகளை ஒவ்வொன்றாக நோய்க்குக் காட்டிப் பார்த்தார்கள். எல்லாம் வாடின. கடைசியில் ஒரே ஒரு மாதிரி தாங்கியது. அது உண்ணும் நெல்கூட அல்ல. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த காட்டு நெல். "நிவாரா" என்று தாவர நூல்களில் பெயர். மணி முற்றுமுன்பே உதிர்ந்துவிடும். அதை வயலில் பார்த்தால் எந்த உழவரும் களை என்று பிடுங்கி எறிவார்!

அந்த மாதிரியிலும் சில செடிகளுக்கு மட்டுமே சக்தி இருந்தது. அந்தச் சில செடிகளைப் பயிர் நெல்லோடு ஒட்டுச் சேர்த்தார்கள். 1976ஆம் ஆண்டில் ஐ.ஆர்.36 பிறந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் பஞ்சாபில் பிறந்த குர்தேவ் குஷ். ஒரு காலத்தில் உலகத்திலேயே மிக அதிக நிலத்தில் பயிரான நெல் அதுதான்.

அந்த ஒரு பிடி காட்டு நெல்லை யாரும் சேகரித்து வைக்காமல் இருந்திருந்தால்?

அளப்பது எப்படி?

வித்தியாசத்தைக் கண்ணால் அளப்பது முதல் வழி. இலையின் நிறம், தூரின் எண்ணிக்கை, பூக்கும் நாள், கதிரின் நீளம், மணியின் பருமன், மூக்கு இருக்கிறதா இல்லையா... நெல்லுக்கு இப்படி 62 அடையாளங்களைச் சர்க்கார் வகுத்திருக்கிறது. அனுபவமுள்ள பாட்டி ஒருத்தி கைப்பிடி நெல்லைப் பார்த்துச் சொல்வதை, அட்டவணை போட்டுச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கண் ஏமாறும். மண் வளமாக இருந்தால் அதே நெல் உயரமாக வளரும். வறண்டால் குட்டையாகும். ஆகவே செடியின் உள்ளே எழுதப்பட்டிருப்பதையே படித்துவிடுவது இரண்டாவது வழி.

ஒவ்வொரு நெல்லுக்குள்ளும் அதன் பரம்பரைக் குணங்கள் எழுதப்பட்ட ஏடு இருக்கிறது. அதைத்தான் மரபணுத் தொகுதி என்கிறார்கள். 12 புத்தகங்கள் உள்ள ஒரு கட்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டும். எழுத்து நான்கே வகை. ஆனால் மொத்தம் சுமார் 40 கோடி எழுத்து! உலகத்து விஞ்ஞானிகள் கூடி 2005ஆம் ஆண்டில் ஒரு நெல்லின் ஏட்டைப் படித்து முடித்தார்கள். இந்தியாவும் அதில் பங்கு கொண்டது.

எல்லா நெல்லையும் முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. ஏட்டில் சில இடங்களில் திக்குவாய் பேசுவதுபோல ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். ஒரு ரகத்தில் 12 தடவை வந்தால் இன்னொரு ரகத்தில் 17 தடவை வரும். இந்த இடங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். நாற்றின் இலையைக் கசக்கி, மரபணுவைப் பிரித்தெடுத்து, அந்தத் துண்டை மட்டும் லட்சக்கணக்கில் பெருக்குவார்கள். கோழ்கோழ் என்றிருக்கும் ஒரு பசைத் தகட்டில் வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். சின்னத் துண்டு வேகமாக ஓடும். பெரிய துண்டு பின்தங்கும். ஏணிப் படிபோல் கோடுகள் தெரியும். இரண்டு ரகத்தின் கோடுகளும் எல்லா இடத்திலும் ஒன்றாக நின்றால், பெயர் இரண்டானாலும் அவை ஒரே நெல், அல்லது மிக நெருங்கிய சொந்தம். 20 இடத்தில் பார்த்து 15 இடத்தில் மாறி நின்றால், தூரத்து உறவு.

இன்று முழு ஏட்டையும் படிப்பதுகூடச் சுலபமாகிவிட்டது. 89 நாடுகளின் மூவாயிரத்துக்கு மேற்பட்ட நெல் ரகங்களை அப்படிப் படித்து, 2018ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். எழுத்து மாறி நின்ற இடங்கள் 2 கோடியே 90 லட்சம்!

கண்ணை மூடித் தொடு

ஒரு நெல்லுக்கும் இன்னொரு நெல்லுக்கும் உள்ள தூரம் தெரிந்துவிட்டது. ஓர் ஊரிலுள்ள மொத்த வித்தியாசம் எவ்வளவு? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ஒரு கிராமத்தில் 100 வயல். பத்து ரகம் போட்டிருக்கிறார்கள். ஆனால் 91 வயலில் ஒரே ரகம். மற்ற ஒன்பது ரகமும் ஆளுக்கு ஒரு வயல். அடுத்த கிராமத்திலும் 100 வயல். இரண்டே ரகம். ஆளுக்கு 50 வயல்.

எந்தக் கிராமம் பணக்காரக் கிராமம்? பத்து ரகம் உள்ள ஊர் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஊர் வரைபடத்தில் ஒரு வயலைத் தொட வேண்டும். மறுபடியும் கண்ணை மூடி ஒன்றைத் தொட வேண்டும். இரண்டிலும் வேறு வேறு ரகம் வருகிறதா? முதல் கிராமத்தில் 100 தடவை தொட்டால் சுமார் 17 தடவைதான் வேறு ரகம் வரும். இரண்டாவது கிராமத்தில் 50 தடவை வரும். பத்து ரகமும் சரிசமமாகப் பத்துப் பத்து வயலில் இருந்தால் 90 தடவை வரும்.

விஞ்ஞானிகள் செய்வதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். வயலுக்குப் பதிலாக ஏட்டில் ஒவ்வோர் இடத்தையும் தொட்டுப் பார்த்து, சராசரி எடுக்கிறார்கள்.

ஆகவே 174 பெயர் கொண்ட பட்டியலைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, டெல்டாவின் பெரும்பகுதியில் நாலைந்து ரகத்தையே நட்டால், கணக்கில் அது ஏழைதான். அந்த நாலைந்தும் பங்காளிகளாக இருந்துவிட்டால் இன்னும் ஏழை. பழைய உழவர்கள் ஏட்டைப் படிக்கவில்லை. ஆனாலும் குறுவை விதையோடு ஒட்டடையான் விதையைக் கலந்து விதைக்கும் வழக்கம் தஞ்சையில் இருந்தது. குறுவை முதலில் அறுவடையாகும். ஆறு மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும் ஒட்டடையான் தை மாதத்தில் வரும். ஒன்றை வெள்ளம் கொண்டுபோனாலும் மற்றொன்று வீடு வந்து சேரும்.

தண்ணீருக்குள் பதினைந்து நாள்

காவிரி டெல்டா கடைமடையில் கார்த்திகை வெள்ளம் புதிதல்ல. நட்ட பயிர் ஒரு வாரம் மூழ்கினால் அழுகிவிடும். ஒரிசா என்ற ஒடிசாவில் துல்லபுத்தியா என்று ஒரு நாட்டு நெல் இருந்தது. அதிலிருந்து பிரித்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். மற்ற நெல் மூச்சுக்குத் தவித்து, மேலே வர அவசரமாக நீண்டு, சக்தியெல்லாம் தீர்ந்து சாகிறது. இதுவோ வளராமல் அடங்கிக் கிடக்கிறது.

அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவை 2006ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அடையாளம் காட்டினார்கள். அதன்பின் வேலை சுலபமாயிற்று. ஒட்டுச் சேர்த்த நாற்றின் இலையைச் சோதித்து, மரபணு வந்துவிட்ட நாற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தஞ்சை உழவர்களுக்குப் பழக்கமான சி.ஆர்.1009 ரகத்தில் அதைச் சேர்த்து, சி.ஆர்.1009 சப்-1 என்ற நெல்லை உண்டாக்கினார்கள். நெல்லின் மற்றக் குணம் மாறவில்லை, மூழ்கினால் தாங்கும்.

கடலோரத்தில் உப்பு இன்னொரு தொல்லை. 2004ஆம் ஆண்டு சுனாமி நாகப்பட்டினத்து வயல்களில் கடல்நீரை ஏற்றியது. குழியடிச்சான் உவர் நிலத்திலும் வரும் என்பது அந்தப் பக்கத்து உழவர் சொல். சொல்லைக் கேலி செய்வதும் தவறு. சோதிக்காமல் நம்புவதும் தவறு. மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் இளவட்டக்கல்லைத் தூக்கலாம் என்றுகூடத்தான் கதை சொல்கிறார்கள்!

யார் பயிரிடுவது?

இங்கேதான் சிக்கல். மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்தவர் காட்டுயானத்தை நட்டால், அது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, காற்றடித்தால் சாயும். பல பழைய ரகங்களின் விளைச்சல் புது ரகத்தைவிடக் குறைவு. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக் கணக்குத்தான். "நாட்டுக்காகப் பழைய நெல்லைக் காப்பாற்று" என்று அவரிடம் உபதேசம் செய்வது சுலபம், நஷ்டம் அவருடையது.

அதற்காக எல்லாவற்றையும் குளிர்ப்பெட்டியில் பூட்டிவிட்டால் போதாதா? டில்லியில் தேசிய மரபணு வங்கி இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில் விதைகள் பல்லாண்டு தூங்கும். அது அவசியம். ஆனால் தூங்கும் விதை எதையும் கற்றுக்கொள்ளாது. வயலில் இருக்கும் விதைதான் வருஷா வருஷம் புதுப் பூச்சியையும் புது வெயிலையும் பார்க்கிறது, தாங்கியது நிற்கிறது.

2001ஆம் ஆண்டில் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் அது. அதன்படி உழவர்கள் தாங்கள் காத்துவந்த ரகத்தைத் தங்கள் பெயரில் பதிவு செய்யலாம். அதை வைத்து வேறொருவர் புது ரகம் உண்டாக்கி லாபம் பார்த்தால் பங்கு கேட்கலாம். ஆனால் பதிவு செய்ய வேண்டுமானால், அது மற்ற ரகங்களிலிருந்து வேறானது என்று காட்ட வேண்டும். அங்கேதான் அளவை வருகிறது. அளக்காத நெல்லுக்கு உரிமை கேட்க முடியாது.

பழைய விதை சேர்ப்பவர்கள் ஆராய்ச்சி நிலையத்தைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களில் சிலர் விதைத் திருவிழாவை வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். இரண்டு பேருக்கும் நஷ்டம். கும்பகோணத்தில் பிறந்து, பிலிப்பைன்ஸ் நெல் நிலையத்துக்கே தலைவராக இருந்த எம்.எஸ்.சுவாமிநாதன், பிற்காலத்தில் தம் ஸ்தாபனத்தின் மூலம் கிராமத்து விதை வங்கிகளுக்காகப் பாடுபட்டார். இரண்டு வேலையையும் ஒருவரே செய்ய முடிந்திருக்கிறது.

செலவு அதிகம் இல்லாத காரியம் ஒன்று இப்போதே செய்யலாம். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர், நாலு கிலோ திருப்பித் தரும்போது மூட்டையில் ஒரு சீட்டு வைக்கலாம். எந்த ஊர், என்ன மண், எத்தனை நாளில் பூத்தது, எத்தனை நாள் தண்ணீர் நின்றது, புகையான் வந்ததா, அக்கம்பக்கத்து ரகம் என்ன ஆயிற்று. ஆறே வரி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிவிடும். அந்தச் சீட்டோடு ஒரு பிடி நெல் ஆடுதுறைக்குப் போனால், ஏட்டைப் படிக்கிறவர்களுக்கு எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியும்.